நின்றபடியே ஒரு நகர்வலம்!

முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் ஒரே பயம்தான். ஏறி நின்றால் குப்புற விழுந்துவிடுவோமோ?

வண்டியின் அமைப்பு அப்படி. சைக்கிள் மாதிரி முன்னும் பின்னுமாக இல்லாமல், மாட்டுவண்டி மாதிரி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு சக்கரங்கள். நடுவில் நிற்பதற்கு ஒரு பலகை. அதிலிருந்து இடுப்புக்கு மேல் வரை எழும் ஒரு கம்பி, உச்சியில் கைப்பிடி. சீட் கிடையாது. பிரேக் கிடையாது. முறுக்குவதற்கு ஆக்ஸிலேட்டரும் கிடையாது. லேசாக முன்னால் சாய்ந்தால் வண்டி முன்னே போகும். உடம்பைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறைந்து நிற்கும். திரும்ப வேண்டிய பக்கம் கைப்பிடிக் கம்பியைச் சாய்த்தால் திரும்பும். 'செக்வே' என்பது இதன் பெயர்.

துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். துடைப்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தி விழாமல் காப்பாற்றுவார்கள். செக்வே செய்வதும் அதைத்தான். துடைப்பத்தின் இடத்தில் நீங்கள். கையின் இடத்தில் சக்கரங்கள். உள்ளே இருக்கும் கைரோஸ்கோப் சென்ஸார்கள் உடம்பின் சாய்வை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்க, மோட்டார் சக்கரங்களை அதற்கேற்ப நகர்த்துகிறது. பத்து நிமிடப் பயிற்சியில் பயம் போய்விடுகிறது. அதன் பிறகு, கால் வலிக்காமல் நடப்பது மாதிரி ஒரு சுகம்!

இந்த வண்டியில் ஏறிச் சுற்றுவதற்கென்றே போட்டுவைத்த மாதிரி ஒரு கடலோர ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. புளோரிடா மாநிலத்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் செயின்ட் அகஸ்டின்.

'அமெரிக்காவுக்கு ஏதுங்க பழைய ஊர்?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு பதில். 1565 செப்டம்பர் 8-ம் தேதி பெட்ரோ மெனெண்டஸ் என்ற ஸ்பானிய கடற்படைத் தளபதி இங்கே கரையிறங்கினார். ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது இதற்கு 42 ஆண்டுகள் கழித்து. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் கொண்டாடும் மேஃப்ளவர் கப்பல் வந்ததோ 55 ஆண்டுகள் கழித்து! அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர்கள் உருவாக்கி, இன்றுவரை தொடர்ந்து மக்கள் வாழ்ந்துவரும் ஊர்களில் இதுதான் மூத்தது. ஆனால் மெனெண்டஸ் வந்தபோது இது ஆளில்லாத காடு அல்ல. திமுக்குவா என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் இங்கே இருந்தது. 'மிகப் பழமையான ஊர்' என்று போர்டு வைக்கும்போது அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய நகரத்தின் தெருக்கள் ஸ்பானிய காலத்துக் குறுகலான தெருக்கள். எதிரெதிர் மாடங்களிலிருந்து இரண்டு பேர் சத்தம் போடாமல் பேசிக்கொள்ளலாம். காருக்கு இடம் போதாது. பஸ் உள்ளே நுழையவே முடியாது. நடக்கலாம்தான். ஆனால் புளோரிடாவின் புழுக்கம் நம்ம ஊர் மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. வயதானவர்கள் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நிழல் தேடுவார்கள். செக்வேயில் ஊர்வலம் மாதிரி வரிசையாகப் போகலாம். முன்னால் வழிகாட்டி, பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி ஹெல்மெட் போட்ட ஐந்தாறு பேர். முழு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் புதியவர்களுக்கு அது கிடையாது. வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைப் போட்டால் திரையில் குட்டி ஆமைப் படம் வரும்!

கிளிஞ்சலில் ஒரு கோட்டை

சுற்றுலா என்று வந்தால் முதல் நிறுத்தம் எப்படியும் கோட்டைதான். காஸ்டிலோ டி சான் மார்க்கோஸ். விரிகுடாவின் கரையில், நான்கு மூலையிலும் அம்பு முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்களோடு, சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. வண்டிகளை வெளியே ஓரங்கட்டிவிட்டுச் சுவரின் அருகில் போய்ப் பாருங்கள். பாறை என்று நினைத்தது பாறை இல்லை. அத்தனையும் கிளிஞ்சல்!

விரல் நகம் அளவுள்ள கோடிக்கணக்கான சிப்பி ஓடுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்று படிந்து, தம் சுண்ணாம்பாலேயே ஒட்டிக்கொண்டு உருவான கல் இது. 'கோக்கினா' என்று பெயர். எதிரே தெரியும் அனஸ்தேசியா தீவில் மண்ணுக்கடியில் கிடைத்தது. தோண்டும்போது ஈரமாக, கோடாரியால் வெட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கும். வெட்டிக் காற்றில் உலர விட்டால் இறுகும். அந்தக் கற்களைப் படகில் ஏற்றி விரிகுடாவைக் கடந்து கொண்டுவந்தார்கள். கற்களை ஒட்டுவதற்கான சுண்ணாம்பும் கடல் தந்ததுதான். சிப்பி ஓடுகளைக் காளவாயில் சுட்டு எடுத்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் வழவழப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பின் மகிமையைச் சொல்லவேண்டியதில்லை.

கோட்டை கட்டிய கதை 1668-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆங்கிலேயக் கடற்கொள்ளையர்கள் நள்ளிரவில் புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். அதற்கு முன் 1586-ல் பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போயிருந்தார். அதுவரை இருந்த கோட்டைகள் அனைத்தும் மரக்கோட்டைகள். உளுத்துப்போகும், இல்லையென்றால் எரிந்துபோகும். இனி கல்லில் கட்டுவதென்று முடிவாகி, 1672-ல் தொடங்கிய வேலை 1695-ல் முடிந்தது. 23 ஆண்டுகள்! ஹவானாவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடி மக்கள். அடிமைகளும் கைதிகளும் கூடவே உழைத்தார்கள்.

கிளிஞ்சல் கல் பீரங்கியைத் தாங்குமா என்பது கட்டியவர்களுக்கே தெரியாது. இந்தக் கல்லில் இவ்வளவு பெரிய கோட்டையை அதுவரை கட்டிப் பார்த்ததில்லை. அதனால் சுவரைத் தாராளமாக 12 அடி கனத்தில் எழுப்பினார்கள். துறைமுகத்தைப் பார்த்த பக்கம் 19 அடி.

1702-ல் பரீட்சை வந்தது. கரோலினாவிலிருந்து ஆங்கிலேயப் படை வந்து ஊரைச் சூழ்ந்தது. ஊர் மக்களும் வீரர்களுமாகச் சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் அடைந்தார்கள். குழந்தைகள், ஆடுமாடுகள் எல்லாம் உள்ளேதான். ஐம்பது நாட்களுக்கு மேல் முற்றுகை. பீரங்கிக் குண்டுகள் வந்து மோதின. கருங்கல்லாக இருந்தால் விரிசல் விட்டுச் சிதறியிருக்கும். கோக்கினா சிதறவில்லை. ஓடுகளுக்கு நடுவே காற்று இடைவெளி நிறைய இருப்பதால், குண்டு பட்ட இடம் மட்டும் நொறுங்கி அமுங்கியது. குண்டு சுவருக்குள்ளேயே புதைந்து நின்றது. கடைசியில் ஸ்பானியக் கப்பல்கள் உதவிக்கு வர, எதிரிகள் ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள். அதனால்தான் 1565-ல் பிறந்த இந்த ஊரில், கோட்டையைத் தவிர 1702-க்கு முந்தைய கட்டடம் ஒன்றுகூட இல்லை. 1740-ல் ஜார்ஜியாவிலிருந்து இன்னொரு படை வந்து 27 நாட்கள் குண்டு வீசிப் பார்த்தது. பலன் அதேதான். இன்றுவரை இந்தக் கோட்டையைச் சண்டை போட்டு யாரும் பிடித்ததில்லை. ஸ்பெயினிலிருந்து பிரிட்டனுக்கு, மறுபடி ஸ்பெயினுக்கு, 1821-ல் அமெரிக்காவுக்கு என்று கைமாறியதெல்லாம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான்.

காக்கக் கட்டிய கோட்டை பிறகு சிறையானது. செமினோல் பூர்வகுடிகளின் தலைவர் ஒஸியோலாவை 1837-ல் வெள்ளைக்கொடியின் கீழ் சமாதானம் பேச அழைத்து, பிடித்துக் கொண்டுவந்து அடைத்தது இங்கேதான். 1875-ல் மேற்குச் சமவெளிகளிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி வீரர்களைச் சங்கிலியோடு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து மூன்றாண்டுகள் வைத்திருந்தார்கள். கடலையே பார்த்திராத மனிதர்கள். அவர்களில் சிலர் கணக்குப் புத்தகத் தாள்களில் தங்கள் குதிரைகளையும் வேட்டையையும் வண்ணத்தில் வரைந்தார்கள். ஊர் பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்திலேயே இது சுற்றுலா ஊர்தான்.

வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும் படிக்கட்டு

கோட்டையிலிருந்து தெற்கே, கரையோரச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்போது கிடைக்கும் காற்று இருக்கிறதே, டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிடும். இடப்பக்கம் விரிகுடா. பாய்மரப் படகுகள். தூரத்தில் சிங்கப் பாலம். 1927-ல் திறந்த தூக்குப் பாலம், வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள் காவல் காக்கின்றன. இவ்வளவு அழகான விரிகுடாவின் பெயர் 'மட்டான்ஸாஸ்'. ஸ்பானிய மொழியில் 'படுகொலைகள்' என்று அர்த்தம். கப்பல் உடைந்து கரையொதுங்கிய பிரெஞ்சுக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை, மெனெண்டஸ் 1565-லேயே தெற்கே உள்ள முகத்துவாரத்தில் கொன்றதன் நினைவு அது.

இந்தச் சாலையில்தான், வலப்பக்கம், ஒரு பெரிய ஹோட்டலின் ஓரமாகச் சில படிக்கட்டுகள் இருக்கின்றன. செக்வேயில் போனால் மூன்று விநாடியில் தாண்டிவிடலாம். தாண்டவேண்டாம். இறங்குங்கள்.

1964-ல் இந்த இடத்தில் மான்ஸன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதி இருந்தது. வெள்ளையர்களுக்கு மட்டும். ஊர் தன் 400-வது பிறந்தநாளைக் கொண்டாட அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதே ஊரில் கறுப்பின மக்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கடற்கரையில் குளிக்க முடியாது. அந்த ஆண்டு ஜூன் 11-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் இந்தப் படிகளில் ஏறி, உள்ளே போய்ச் சாப்பிட வேண்டும் என்றார். அனுமதி மறுக்கப்பட்டது. நகர மறுத்தவரைக் கைது செய்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 18. விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பின இளைஞர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து குதித்தார்கள். விடுதி மேலாளர் கேன் கேனாக ஆசிட்டைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினார். அந்தப் புகைப்படம் மறுநாள் உலகம் முழுக்கப் போனது. அன்றைக்கே விடுதியின் வாகன நிறுத்தத்தில் பிரார்த்தனை செய்த 16 யூத மதகுருக்களும் கைதானார்கள். அமெரிக்க செனட்டில் குடிமை உரிமைகள் சட்ட மசோதா மாதக்கணக்கில் இழுபறியாகக் கிடந்த நேரம் அது. ஜூன் 19-ம் தேதி செனட் அதை நிறைவேற்றியது. ஜூலை 2-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார்.

விடுதியை 2003-ல் இடித்துவிட்டார்கள். குளமும் போயிற்று. கிங் நின்ற படிகளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் சுற்றுலாக்கள் இந்தப் படிகளுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் நாம் கேட்கவேண்டும்.

பாலத்தின் எதிரே இருக்கும் பிளாசா என்ற சதுக்கத்திலும் இதே கதை தொடர்கிறது. ஓக் மர நிழல், பெஞ்சுகள், ஒரு பக்கம் 1790-களில் எழுந்த கதீட்ரல். நடுவில் ஸ்பெயினின் 1812 அரசியல் சாசனத்துக்கு எழுப்பிய ஸ்தூபி. மன்னர் அந்தச் சாசனத்தை ரத்து செய்து, நினைவுச் சின்னங்களையும் இடிக்கச் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் இடிக்காமல் விட்டுவிட்டார்கள். கிழக்கு முனையில் திறந்த சந்தை மண்டபம். மீனும் கறியும் விற்ற இடத்தில் மனிதர்களையும் ஏலம் விட்டிருக்கிறார்கள். 1964-ல் உரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் இந்தச் சதுக்கத்தை நோக்கித்தான் வந்தார்கள். ஜூன் 9-ம் தேதி இரவு அப்படி வந்த ஆண்ட்ரூ யங்கை அடித்துக் கீழே தள்ளினார்கள். அவர் எழுந்து அடுத்த முனைக்கு நடந்தார். பின்னாளில் ஐ.நா. சபையில் அமெரிக்காவின் தூதராக உட்கார்ந்தவர் அவர். அவர் நடந்த பாதையில் இப்போது வெண்கலக் காலடித் தடங்கள். பெயர் தெரியாத உள்ளூர்ப் போராளிகளுக்கும் 2011-ல் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். நான்கு முகங்கள், நான்கும் சாதாரண மனிதர்களின் முகங்கள்.

குறுக்குச் சந்துகளும் ஒரு கோடீஸ்வரரும்

பிளாசாவுக்குத் தெற்கே செங்கல் பாவிய அவிலெஸ் தெரு. டயர்கள் கடகடவென்று அதிரும், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவேண்டும். இங்கே வாழ்ந்த பலர் மினோர்க்கர்களின் வழிவந்தவர்கள். 1768-ல் மத்தியதரைக்கடல் தீவான மினோர்க்காவிலிருந்தும் கிரீஸ், இத்தாலியிலிருந்தும் சுமார் 1,400 பேரை ஒப்பந்தக் கூலிகளாக, தெற்கே நியூ ஸ்மிர்னாவில் இருந்த அவுரித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். நோயும் பட்டினியுமாகப் பாதிப்பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 1777-ல் மிச்சமிருந்த சுமார் 600 பேர் தோட்டத்தை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வேறு ஊர்க் கதையாகத் தோன்றாது. அவர்கள் சமையலின் அடையாளம் 'டாட்டில்' மிளகாய். சின்னதாக, மஞ்சளாக இருக்கும். வெள்ளைக்காரர் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று ஊறுகாய் பாட்டிலோடு போகிறவர்கள் பாட்டிலைத் திறக்காமலே திரும்பலாம்!

அங்கிருந்து மேற்கே லிங்கன்வில். விடுதலையான அடிமைகள் 1866-ல் உருவாக்கிய குடியிருப்பு. மர வீடுகள், முன்புறத் திண்ணைகள், ஓக் கிளைகளில் தாடி மாதிரி தொங்கும் பாசி. கார் நெரிசல் குறைவு. செக்வேக்கு இதைவிட வாகான தெருக்கள் கிடையாது. 1964 ஊர்வலங்கள் புறப்பட்டது இங்கிருந்த தேவாலயங்களிலிருந்துதான். பழைய கறுப்பினப் பள்ளிக்கூடம் இப்போது மியூசியம். வெளியே நின்று போட்டோ எடுப்பதோடு முடித்துவிடாமல் உள்ளே போகலாம்.

கிங் தெருவுக்குத் திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. கோபுரங்கள், சிவப்பு ஓட்டுக்கூரை, நீரூற்று என அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். ராக்பெல்லரின் எண்ணெய் வியாபாரக் கூட்டாளி ஹென்றி பிளாக்லர், குளிர்காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்குவதற்காக 1888-ல் திறந்த போன்ஸ் டி லியோன் ஹோட்டல். கான்கிரீட்டில் கட்டியது, அந்தக் கான்கிரீட்டிலும் கோக்கினா கிளிஞ்சல்! எடிசனின் மின்விளக்குகள் அன்றே எரிந்தன. சுவிட்சைத் தொட விருந்தினர்கள் பயந்ததால் அதற்கென்று ஆள் வைத்திருந்ததாக ஒரு கதையும் வழிகாட்டிகளிடம் உண்டு. 1968 முதல் இது கல்லூரி. டிஃபனி கண்ணாடி ஜன்னல்கள் உள்ள கூடத்தில் மாணவர்கள் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரே இருக்கும் அவருடைய இன்னொரு ஹோட்டல் லைட்னர் மியூசியமாகிவிட்டது. அதன் பழைய உள்நீச்சல் குளத்தின் ஆழமான பகுதியில் இப்போது காபிக்கடை.

இளமை தரும் ஊற்று என்று ஒரு இடத்தைக் காட்டுவார்கள். தண்ணீரும் தருவார்கள். குடித்தவர்கள் எல்லோரும் வந்த வயதோடுதான் திரும்புகிறார்கள்.

போகிறவர்கள் கவனிக்க

ஜாக்சன்வில் விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஓர்லாண்டோ வரை வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மழை கொட்டும், காலைச் சுற்றுலாதான் நல்லது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஊர் முழுக்க விளக்கலங்காரம் இருக்கும், கூட்டமும் இருக்கும்.

செக்வேக்கு எடை வரம்பு உண்டு. சுமார் 45 கிலோவுக்குக் குறைந்தவர்கள் சாய்ந்தால் வண்டிக்குப் புரியாது, 118 கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் சின்னக் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். முழங்கால் வலியோடு நெடுநேரம் நிற்க முடியாத தாத்தா பாட்டிகளுக்கு ஊரில் டிராலி வண்டியும் குதிரை வண்டியும் இருக்கின்றன. புடவை, துப்பட்டாவைச் சக்கரத்தில் படாமல் செருகிக்கொள்ளவேண்டும். செயின்ட் ஜார்ஜ் கடைத்தெரு நடப்பவர்களுக்கானது, அங்கே நடந்தே போங்கள்.

இன்னொன்று. மாடிப்படி ஏறும் சக்கர நாற்காலியை உருவாக்கிய டீன் கேமன், அதே நுட்பத்தில் 2001-ல் அறிமுகப்படுத்திய வண்டி இது. ஊர்களின் போக்குவரத்தையே மாற்றிவிடும் என்றார்கள். விலை சுமார் 5,000 டாலர், யார் வாங்குவார்கள்? போலீஸ்காரர்களும் சுற்றுலா நடத்துபவர்களும்தான் வாங்கினார்கள். 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இருக்கும் பழைய வண்டிகள் ஓடும் வரைதான் ஓட்டம். ஆசை இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

செக்வே போகாத ஓர் இடத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் ஃபோர்ட் மோஸ். ஆங்கிலேயத் தோட்டங்களிலிருந்து தப்பி, சதுப்பு நிலம் கடந்து ஓடிவந்த கறுப்பின அடிமைகளுக்கு, கத்தோலிக்கராக மாறினால் விடுதலை என்று ஸ்பானிய மன்னர் 1693-ல் அறிவித்தார். 1738-ல் அவர்களுக்கென்றே அமைந்த ஊரும் கோட்டையும் இது. இன்றைய அமெரிக்க மண்ணில், சட்டப்படி சுதந்திரமான கறுப்பின மக்களின் முதல் குடியிருப்பு. தலைவர், தானும் அடிமையாக இருந்து தப்பிய பிரான்சிஸ்கோ மெனெண்டஸ். 1740 சண்டையில் ஆங்கிலேயர்கள் பிடித்துவைத்திருந்த இந்தக் கோட்டையை விடியற்காலையில் தாக்கி மீட்ட படையில், இந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். காஸ்டிலோ தப்பியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

பழைய கோட்டையின் சுவர் எதுவும் மிஞ்சவில்லை. மண்ணாலும் மரத்தாலும் கட்டியது, கிளிஞ்சல் கல் இல்லை. சதுப்பு நிலத்துக்கு மேல் போட்டிருக்கும் மரப்பலகை நடைபாதையில் நடந்து முனை வரை போகலாம். நாணலும் கொக்குகளும் தண்ணீரும்தான் எதிரே. கார் நிறுத்த இடம் இருக்கிறது. கொசுக்கடிக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள்.